குறைந்தபட்சக் கூலி உயர்வும் முதலாளிமாரின் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டு நிறைவேறிவிட்டது. இந்த இடத்தில் வழக்கமாக நாம் தொழுகையைப் பற்றியோ, பிள்ளைகளின் மக்தப் கல்வியைப் பற்றியோ சில வார்த்தைகள் கூறுவோம். இம்முறை கூலியைப் பற்றிப் பேச முத்தவல்லி அவர்களிடம் அனுமதி பெற்றுள்ளோம். அதன் காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

பைத்துல்மாலுக்கு வரும் உதவி மனுக்களைப் படித்துப் பரிந்துரைக்கும் பொறுப்பு நம்மிடம் உள்ளது. அவற்றுள் முதியோர், விதவையர், நோயாளிகள் ஆகியோரின் மனுக்கள் உண்டு. அவற்றைப் பற்றி நமக்குக் கேள்வி இல்லை. ஆனால் 'தொழில்' என்ற இடத்தில் கடைச் சிப்பந்தி, தோல் ஷாப் வேலை, ஓட்டல் சப்ளையர், பீடி சுற்றுதல் என்று எழுதப்பட்ட மனுக்களும் வருகின்றன. இவர்கள் வேலையற்றவர்கள் அல்லர். காலையில் கடை திறக்கும்போது நின்று, இரவில் கடை சாத்தும்போதும் நிற்பவர்கள். முழு நாளும் உழைக்கும் ஒரு மனிதர் ஏன் ஜகாத் கேட்கும் நிலையில் இருக்கிறார் என்று விசாரித்தால், பல நேரங்களில் அவருடைய கூலி அரசு நிர்ணயித்த தொகைக்குக் கீழே இருப்பது தெரியவருகிறது. அந்தக் கூலியைக் கொடுப்பவர்கள் வேற்றூரார் அல்லர்.

கூலியைத் தாமதமின்றிக் கொடுப்பது பற்றிய நபிமொழியை அறியாதவர் இச்சபையில் எவரும் இல்லை. எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட ஒன்றை மீண்டும் ஓதுவதால் பயன் குறைவு என்பது நமது அனுபவம். ஆகவே இன்று சட்டத்தையும் கணக்கையும் பேசுவோம்.

இந்தியாவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் தொடக்க அட்டவணையில் இடம்பெற்ற தொழில்கள் மிகச் சிலவே. அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, தேயிலை முதலிய தோட்டங்கள், சாலை மற்றும் கட்டட வேலை, கல்லுடைத்தல் ஆகியவற்றோடு, பீடி உள்ளிட்ட புகையிலைத் தொழிலும், தோல் பதனிடும் தொழிலும் அதில் இருந்தன. நமது வட்டாரத்திற்குச் சோறு போட்ட இரு தொழில்களும் சட்டம் பிறந்த அன்றே அதன் பார்வைக்குள் வந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். அவற்றில் உழைப்பவர்கள் பேரம் பேசும் வலிமையற்றவர்கள் என்று அன்றைய ஆட்சியாளர்கள் கருதியதே காரணம். பின்னர் மாநில அரசு கடைகளையும் உணவகங்களையும் வேறு பல தொழில்களையும் படிப்படியாக அட்டவணையில் சேர்த்தது. எனவே, 'இது இப்போது வந்த புதுத் தொல்லை' என்று கூற நமக்கு இடமில்லை.

2019ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஊதியச் சட்டத் தொகுப்பை இயற்றியது. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கும் அதனுள் அடங்கிவிட்டன. இதனால் விளைந்த பெரிய மாறுதல் ஒன்றுண்டு. முன்பு அட்டவணையில் உள்ள தொழிலுக்குத்தான் குறைந்தபட்சக் கூலி. இப்போது அந்த வேறுபாடு நீங்கிவிட்டது. 'எங்கள் தொழில் பட்டியலில் இல்லையே' என்ற விடை இனிச் செல்லாது. பழைய சட்டத்தின் கீழ் மாநில அரசு வெளியிட்ட அறிவிக்கைகள், புதிய தொகுப்புக்கு முரண்படாத அளவில், அதன் கீழ் செய்யப்பட்டவையாகவே கருதப்படும். ஆதலால் பழைய சட்டம் போய்விட்டது, புதிய விகிதம் வரும்வரை நாம் சுதந்திரர் என்று எண்ணுவதும் தவறு.

இந்தக் 'குறைந்தபட்சம்' என்பது எதைக் கொண்டு அளக்கப்பட்டது? 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவுகோலை வகுத்தது. சம்பாதிப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள்; வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு; குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி; வீட்டு வாடகை; எரிபொருள், விளக்கு போன்றவற்றுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. 1991இல் ரெப்டகோஸ் பிரெட் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை முதலான சிறு மகிழ்ச்சிகள், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக 25 விழுக்காட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. மூன்று அலகு என்பது கணவன், மனைவி, இரு பிள்ளைகள் மட்டுமே. வீட்டில் இருக்கும் வயதான பெற்றோருக்கு அதில் பங்கு இல்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு குடும்பத்தைக் கணக்கிட இயலுமா என்று தெரியவில்லை. அந்தச் சுருங்கிய கணக்குக்கும் கீழேதான் நம்மில் சிலர் கூலி கொடுக்கிறோம்.

இனி உயர்வுக்கு வருவோம். இங்கேதான் நம்மவர்கள் பலர், வேண்டுமென்று அல்லாமல் அறியாமையால் பிழை செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வெளியான குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளில் பொதுவாக இரு பகுதிகள் உள்ளன. ஒன்று அடிப்படை ஊதியம், மற்றது அகவிலைப்படி. பழைய பெரியவர்கள் பஞ்சப்படி என்பார்களே, அதுதான். அடிப்படை ஊதியம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும்; ஐந்தாண்டுகளுக்கு மேற்படாமல் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் அகவிலைப்படி அவ்வாறு காத்திருப்பதில்லை. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் ஜனவரி முதல் டிசம்பர் வரையான சராசரியை எடுத்து, அறிவிக்கையில் குறித்த புள்ளிக்கு மேல் ஏறிய ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் அது கூடுகிறது. இதற்காகத் தனியாக எவரும் நம் கடைக்கு வந்து தண்டோரா போடப் போவதில்லை. அறிவிக்கை வெளியான அன்றே அந்தக் கடமையும் அதில் எழுதப்பட்டுவிட்டது.

கணக்கு விளங்குவதற்காக, கற்பனையான எண்களைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறோம். ஒரு புள்ளிக்கு மாதம் 30 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 8 புள்ளிகள் ஏறுவதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் ஏப்ரலில் 240 ரூபாய் கூட வேண்டும். முதலாளி மறந்துவிடுகிறார். இரண்டாம் ஏப்ரலிலும் மறந்துவிடுகிறார். இப்போது மாதந்தோறும் 480 குறைகிறது. மூன்றாம் ஆண்டில் 720. மூன்று ஆண்டுகளையும் கூட்டினால் ஒரு தொழிலாளிக்கு 17,280 ரூபாய் பாக்கி. பத்துப் பேர் வேலை செய்யும் கடையானால் 1,72,800. மாதம் 240 ரூபாய் என்று பார்க்கும்போது சிறியதாகத் தோன்றியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள். முதலாளியின் ஏட்டில் இந்தத் தொகை எங்கும் இல்லை. தொழிலாளியின் வீட்டில் மட்டும் அது பள்ளிக்கூடக் கட்டணமாகவும் மளிகைக் கடை பாக்கியாகவும் இருக்கிறது.

முதலாளி செய்ய வேண்டியது என்ன? தம் தொழிலுக்குரிய அறிவிக்கையைத் தேடி எடுத்து, தம்மிடம் உள்ள ஒவ்வொருவரும் எந்தப் பிரிவில் வருகிறார் என்று பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுகளாகப் பட்டறையில் கைதேர்ந்தவரை 'பையன்' என்று அழைத்துக்கொண்டே கடைநிலைப் பிரிவில் வைத்திருப்பது நம்மிடையே வழக்கம். பின்பு ஏப்ரல் முதல் நாளின் விகிதத்தைப் போட்டு, குறைவு இருந்தால் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அதற்கு மேல் கொடுப்பவர்கள் அந்தக் கூடுதலைக் குறைத்துவிடக் கூடாது என்றும் அறிவிக்கைகள் கூறுகின்றன. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது கூடாது. மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் நாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கும், நிறுத்தப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். இயல்பான நேரத்திற்கு மேற்பட்ட வேலைக்கு இருமடங்குக் குறையாத கூலி. பெருநாள் இரவுகளில் நம் ஜவுளிக் கடைகள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கின்றனவே, அந்த நேரத்திற்கும் இதுவே கணக்கு.

பிடித்தம் பற்றி ஒரு வார்த்தை. கல்லாவில் பணம் குறைந்தது, கண்ணாடித் தட்டு உடைந்தது என்று மாதக் கடைசியில் பிடித்துக்கொள்வது எளிது. நட்டத்திற்குப் பிடிப்பதானால் அது நட்டத்தின் அளவைத் தாண்டக் கூடாது. சம்பந்தப்பட்டவர் தம் தரப்பைக் கூற முதலில் வாய்ப்புத் தரப்பட வேண்டும். அபராதம் என்று போடுவது ஒரு கூலிக் காலத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஜும்ஆவுக்குச் சென்ற நேரத்திற்குக் காசு பிடிக்கும் முதலாளி முதல் ஸஃப்பில் அமர்ந்திருப்பார் என்றும் கேள்விப்பட்டோம். அது உண்மையாக இராது என்றே நம்புகிறோம்.

'மூன்று வேளைச் சாப்பாடு போடுகிறோம், படுக்க இடம் கொடுக்கிறோம், அதையும் சேர்த்துப் பாருங்கள்' என்று உணவக உரிமையாளர்கள் கூறுவதுண்டு. கூலிக்குப் பதிலாகப் பொருளாகக் கொடுப்பதில், மொத்த ஊதியத்தின் 15 விழுக்காட்டுக்கு மிகாத மதிப்பையே ஊதியமாகக் கொள்ளலாம் என்று தொகுப்பு வரையறுக்கிறது. பிரியாணியின் விலையை முழுவதுமாகச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை.

வெளி மாநிலத் தொழிலாளர்கள் இப்போது நம்மிடையே பெருகியுள்ளனர். 'அவர்களை ஏஜெண்ட் அனுப்புகிறார், அவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டோம்' என்ற விடை போதாது. ஆள் அனுப்பியவர் கொடுக்காவிட்டால், வேலை நடந்த இடத்தின் உரிமையாளரே அந்தக் கூலிக்குப் பொறுப்பு. பீஹாரிலிருந்து வந்த பிள்ளைக்கு நம் மொழி தெரியாது, சொந்தக்காரர் எவரும் இங்கே இல்லை. அவன் வாய் திறந்து கேட்க மாட்டான் என்பது அவனுடைய கூலியைக் குறைக்கும் காரணம் ஆகாது.

பீடித் தொழிலில் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஆயிரத்துக்கு என்று அளந்து கொடுக்கும் இலையில் ஆயிரம் தேறுவதில்லை. குறையும் இலையை அந்தப் பெண்மணி கைக்காசில் வாங்குகிறார். சுற்றிக் கொண்டுவந்ததில் ஒரு பிடியைக் கழிவு என்று ஒதுக்கி, அதற்குக் கூலியில்லை என்கிறார்கள். ஆனால் அந்தக் கழிவு பீடி தூக்கி எறியப்படுவதில்லை. ஏட்டில் அரசு விகிதமே எழுதப்பட்டிருக்கும். கையில் சேர்வது வேறு. ஷுஐப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் எந்தக் குற்றத்திற்காகத் தம் சமூகத்தாரை எச்சரித்தார்கள் என்பதை நாம் மிம்பரில் பலமுறை கூறியுள்ளோம். அளவையில் குறைப்பது என்பது தராசு வைத்திருப்பவருக்கு மட்டும் உரிய குற்றமன்று.

கூலிச் சீட்டுக் கொடுப்பதும், பதிவேடு வைப்பதும், விகிதத்தைப் பலகையில் எழுதித் தொங்கவிடுவதும் முதலாளியின் கடமை. பலர் இதைக் காகித வேலை என்று ஒதுக்குகிறார்கள். கூலி குறைந்தது என்று ஒருவர் முறையிட்டால், கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. சீட்டும் ஏடும் இல்லாதவர் அங்கே என்ன காட்டுவார்? 'அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்' என்ற தாள் உதவாது. குறைந்த கூலிக்கு உடன்பட்டுத் தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம்; ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றமானால் மூன்று மாதம் வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. முறையீட்டில் பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க இடமுண்டு. 1982இலேயே உச்ச நீதிமன்றம், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானப் பணியாளர்களின் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்துவிட்டது.

முதலாளிமாரின் சிரமத்தையும் நாம் அறியாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பிய தோல் மற்றும் காலணித் தொழிலில் ஏற்பட்ட கலக்கம் நம் தெருக்களிலும் தெரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் குறைத்துக் கொடுக்கும்போது தாம் மட்டும் முழுமையாகக் கொடுத்தால் விலையில் நிற்க முடியவில்லை என்பதும் பொய்யன்று. ஆனால் தோல் வாங்கிய மண்டிக்கு நாம் அப்படிச் சொல்வதில்லை. மின்வாரியத்திற்குச் சொல்வதில்லை. குறைத்துக்கொள் என்று நாம் கூறக்கூடிய ஒரே ஆள் தொழிலாளிதான், அவரிடம்தான் கூறுகிறோம். வெறும் உயிர் தரிக்கும் அளவுக் கூலியையும் கொடுக்க இயலாத தொழிலுக்கு நிலைத்திருக்கும் உரிமை இல்லை என்று கிரௌன் அலுமினிய ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. கடுமையான சொல்தான். ஆயினும் நாம் அதனோடு உடன்படுகிறோம்.

சட்டம் முறையீட்டுக்கு மூன்றாண்டு வரம்பு வைத்துள்ளது. கூலி பாக்கி என்பது கடன். கடனுக்கு மார்க்கத்தில் அத்தகைய வரம்பு இல்லை. அது ஹக்குல் இபாத். உரியவர் பெற்றுக்கொள்ளவோ, மனமொப்பி விட்டுக்கொடுக்கவோ வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் பாக்கிகளைத் தீர்க்க வேண்டும் என்று விசாரித்துச் செல்பவர்கள், மண்டி பாக்கியை நினைக்கிறார்கள். கடையில் நிற்பவருடைய பாக்கியை நினைப்பதில்லை. ஒருவர் இறந்தபின் வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் அவருடைய கடன் தீர்க்கப்பட வேண்டும். அந்தக் கடன் பட்டியலில் சிப்பந்திகளின் கூலி பாக்கியை எழுதிக்கொண்டு வந்த குடும்பம் எதையும் நாம் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்றையும் இங்கே தெளிவாகக் கூறியாக வேண்டும். ரமலானில் தம்மிடம் வேலை செய்பவருக்கு ஜகாத்திலிருந்து ஒரு தொகையும், பெருநாளைக்குத் துணியும் கொடுத்துவிட்டு, 'கூலி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று கூறும் முதலாளிமார் உள்ளனர். ஏழையான தொழிலாளிக்கு ஜகாத் கொடுப்பது கூடும், அதில் தடையில்லை. ஆனால் கூலிக்கு ஈடாகக் கொடுத்தது ஜகாத் ஆகாது. தாம் கொடுக்கக் கடமைப்பட்ட கடனையே ஒருவர் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவே. அவருடைய ஜகாத் இன்னும் அவர்மீது நிற்கிறது. அதுமட்டுமன்று. கூலியை வாங்குபவர் நிமிர்ந்து நின்று வாங்குகிறார். ஜகாத்தை வாங்குபவர் வரிசையில் நின்று, துஆச் செய்து வாங்குகிறார். நிமிர்ந்து வாங்க வேண்டிய பணத்தை வரிசையில் நின்று வாங்கவைப்பது பற்றி நம் தனவந்தர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறோம்.

இறுதியாக, நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். இமாம்களுக்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உங்களுக்குத் தெரியும். நமது ஊதியத்தைப் பேச நாம் இங்கே வரவில்லை. முஅத்தின், ஹவ்ளையும் கழிவறையையும் கழுவும் பெண்மணி, கடைத் தொகுதியின் இரவுக் காவலர், கப்ரு வெட்டுபவர் ஆகியோரைப் பற்றியே பேசுகிறோம். இவர்களுள் எவர் சட்டத்தின் எந்தப் பிரிவில் வருவார் என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். இன்று வாசிக்கப்பட்ட கணக்கில் பள்ளிவாசல் கடைகளின் வாடகை ஒப்பந்தப்படி உயர்ந்திருப்பதைக் கேட்டோம். வாடகை உயர்வதற்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது. காவலரின் சம்பளம் உயர்வதற்கு எவராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அரசு விகிதத்திற்குக் குறையாமல், ஏப்ரல் 1 முதல், இவர்கள் அனைவருக்கும் ஊதியம் திருத்தப்பட்டு, ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் அது தனித் தலைப்பில் காட்டப்பட வேண்டும் என்று இச்சபையில் தீர்மானம் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஜமாஅத் செய்யாததை மஹல்லாவாசிகளிடம் கேட்க நமக்கு நாக்கு எழாது.

கடை, உணவகம், தோல், பீடி ஆகிய தொழில்களுக்கான அறிவிக்கைகளின் படிகளை அலுவலகத்தில் வைத்துள்ளோம். கணக்கறிந்த நம் பிள்ளைகள் இருவர் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அங்கே இருப்பார்கள். முதலாளிமார் தம் ஏட்டைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம். எவருடைய பெயரும் எழுதிவைக்கப்படாது. பழைய பாக்கி உள்ளவர்கள் தவணையாகத் தீர்க்க விரும்பினால், இரு தரப்பையும் அமரவைத்து எழுத்தில் முடித்துத் தர நாம் உடனிருப்போம். தம் கூலியைச் சரிபார்க்க விரும்பும் தொழிலாளரும், அவர் எந்த ஊரார் ஆயினும், எந்தச் சமயத்தார் ஆயினும், அதே நேரத்தில் வரலாம்.